யூஜினா பார்த்த அடுப்புகள்

யூஜினாவை நான் முதலில் பார்த்தது இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில், காலை ஆறு மணிக்கு. அவர் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர். நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பங்களைச் சரிபார்க்கப் பிரதேச செயலகம் என்னை அனுப்பியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த மிடுக்கோடு கோப்பும் கையுமாகப் போனேன்.

"பத்து மணிக்கு வந்தா ஆகாதா மிஸ்?"

"பத்து மணிக்கு எல்லாரும் கொழுந்து பறிக்க மலையில நிப்பாங்க சேர். பூட்டப் பாத்துக் கையெழுத்துப் போடுவீங்களா?"

லயத்து அறைகளில் ஏழாம் காம்பரா, ஒன்பதாம் காம்பரா இரண்டையும் சிவப்பில் சுழித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் என்று இரண்டு விண்ணப்பங்கள். ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு என்றிருக்கும் கிராமத்தில் வளர்ந்த எனக்கு இரண்டுமே மோசடியாகத் தெரிந்தன. இரண்டாவது விண்ணப்பங்களை வெட்டிவிடுவதாக முடிவு கட்டியிருந்தேன்.

ஏழில் காளியாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்த கைம்பெண். சாக்குத் தடுப்புக்கு அந்தப்பக்கம் மகன் அழகுமுத்துவின் குடும்பம்.

"மருமவளோட சரிப்படல சாமி. அடுப்பு பிரிஞ்சு ஆறு வருசமாச்சு. இந்தக் காசும் நின்னா மாவுக்கு எங்கிட்டுப் போவேன்?"

யூஜினா சுவரைக் காட்டினார். தடுப்பின் இருபுறமும், அடுப்புக்கு மேலே கூரைத் தகரம் வரை கரி அப்பியிருந்தது.

ஒன்பதில் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி. மகன் தனிக் குடும்பம் என்று விண்ணப்பித்திருந்தார். அங்கேயும் இரண்டு அடுப்பு. ஆனால் மகனுடைய அடுப்புக்கு மேல் சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. மகனும் மருமகளும் தலைவரின் அடுப்படியில் உட்கார்ந்து சம்பல் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பெல்லாம் போர்ம்ல கேட்டிருக்கா மிஸ்?" என்றார் தலைவர்.

"போர்ம்ல இல்லீங்க தலைவரே. செவுத்துல இருக்கு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவரின் குரல் ஏறியது.

"போன மாசந்தான் தனியாப் போனாங்க!"

"ஒரு மாசம் ஒல கொதிச்சிருந்தாலும் செவுறு சொல்லியிருக்கும். நெசமாவே தனியாப் போகட்டும், நானே வந்து எழுதித் தர்றேன்."

"அடுத்த வருசம் இங்க இருப்பீங்களான்னு பாப்போம்."

"இருந்தா வர்றேன், தேத்தண்ணி போட்டு வைங்க. எந்த அடுப்புலன்னாலும் பரவாயில்ல."

யூஜினா பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தலைவரின் மகன் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்று எழுதினார்.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஏழாம் நம்பர்ல போட்ட சிவப்புச் சுழிப்ப அழிச்சிடுங்க சேர். காளியாயி பேரு விட்டுப்போனா நாம ரெண்டு பேருந்தான் களவாணி."

அழித்தேன்.

தலைவர் யூஜினா மேல் புகார் மனு எழுதினார். விசாரணை மூன்று மாதம் இழுத்தது. யூஜினாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அதோடு தள்ளிப்போனது. முடிவு மட்டும் மாறவில்லை. காளியாயிக்கு மாதாமாதம் கொடுப்பனவு வருகிறது. யூஜினா இப்போதும் அதே பிரிவில் கிராம உத்தியோகத்தராக இருக்கிறார்.