ஜீப்புக்குக் கணினி பூட்டிய ஐப்பசி

கம்பஸ் முடித்துவிட்டு நியமனக் கடிதம் வரும் வரும் என்று திருகோணமலை லிங்கநகரில் கிடந்த நாட்களில், யாரும் கேட்காத உதவிகளை நான் செய்யத் தொடங்கியிருந்தேன். முதலில் மாமியின் பிரிட்ஜைத் திருத்தினேன். அதன் பிறகு அது அலுமாரியாக நன்றாகப் பயன்பட்டது. அடுத்தது மாமாவின் ஜீப்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருடைய ஜீப் என்னைவிட இருபது வயது மூத்தது. பெற்றோல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும். கடலுக்குள் பின்பக்கமாக இறங்கி, வண்டிச் சட்டத்தில் ஏற்றிய படகைக் கொழுவிக்கொண்டு மணல் மேட்டில் ஏறுவதுதான் அதன் வேலை. ஐப்பசி பிறந்து காற்று மாறினால் கடல் அடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கரையில் நிற்கிற படகெல்லாம் மேட்டுக்கு ஏறியாக வேண்டும். அந்தச் சில நாள் இழுவையில்தான் மாமா வீட்டில் மாரிகாலம் முழுக்க உலை கொதிக்கும்.

ஜீப்பில் ஒரு குறை இருந்தது. சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது காபரேட்டருக்குள் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, எஞ்சின் நின்றுவிடும். அலை வந்து பின்சில்லை நக்கும். மாமா இறங்கி, பொனற்றைத் திறந்து, எதையோ தட்டி, திரும்ப ஏறி ஸ்டார்ட் பண்ணுவார். ஒரு சீசனுக்கு ஏழெட்டுத் தடவை இது நடக்கும். இதை யாரும் ஒரு பிரச்சினையாக நினைக்கவில்லை. படித்தவள் நான் ஒருத்தி இருக்கும்போது அப்படி விடலாமா?

டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் வெளிநாட்டில் இருந்து ஒரு பெட்டி எடுப்பித்தேன். காபரேட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டுகிற இன்ஜெக்ஷன். எஞ்சின் எந்தப் பக்கம் சரிந்தாலும் கணக்காகப் பெற்றோலைப் பீச்சும். புகைக்குழாயில் ஒரு சென்சர் இருக்கும். போகிற புகையை அது மணந்து பார்த்து, காற்றுக் கூடவா பெற்றோல் கூடவா என்று கணினிக்குச் சொல்லும். கணினி அதைக் கேட்டுக் கூட்டிக் குறைத்து, தானே படித்துக்கொள்ளும். பெட்டியின் மேலேயே ‘தானே படிக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாலு வருடம் கம்பஸில் இருந்தும் நான் ஒருநாளும் தானாகப் படித்ததில்லை. அதனால் அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மாமா சம்மதித்ததை விஞ்ஞானத்தின் வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேலை கிடைக்கும்வரை பிள்ளைக்கும் ஏதாவது வேணும்தானே என்று அவர் மாமியிடம் சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பூட்டும்போது புகைக்குழாயின் அடியில், சுண்டுவிரல் போகிற அளவில் ஓர் ஓட்டையைக் கண்டேன். கடலுப்புத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். உப்பு அவ்வளவு வட்டமாகத் தின்னாது என்பது எனக்குத் தோன்றவில்லை. வெல்டிங்காரரிடம் குழாயைக் கொண்டுபோய், சென்சருக்கு இடம் வைப்பித்த கையோடு அந்த ஓட்டையையும் அடைப்பித்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. சின்னப் புண்ணுக்கு மருந்து போடுகிறவர் நோயாளியின் சம்மதம் கேட்டுக்கொண்டா நிற்பார்?

முதல் நாள் ஜீப் தையல் மெசின் மாதிரி ஓடியது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற சனம் முழுக்க வந்து பார்த்தது. நான் ஜீப்பின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போனில் ஸ்டேட்டஸ் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை கறுப்புப் புகை வந்தது. எஞ்சின் விக்கியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமியது, கிட்டப் போனால் பெற்றோல் மணம் தலையைச் சுற்றியது. பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஆனால் பெட்டியோடு வந்த கையடக்கத் திரையோ வேறு கதை சொன்னது. பெற்றோல் காணாது, காற்றுத்தான் கூட என்றது. கணினியும் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போனது. நானும் கணினியை நம்பினேன். எங்கள் இருவருக்கும் ஒரே வளர்ப்பு.

“ஸ்க்ரீன் பெற்றோல் காணாதெண்டுது மாமா,” என்றேன்.

மாமா புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உந்தப் புகையைப் பாத்தா உனக்குப் பெற்றோல் காணாத மாதிரியே கிடக்கு?”

கண்ணால் பார்ப்பதை வைத்து முடிவெடுப்பது பழைய முறை என்று அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஜீப்பைக் காற்றுப் போகிற பக்கமாகத் திருப்பி விடச் சொன்னார். மாமி கொடியில் உடுப்புக் காயப்போட்டிருந்தாள்.

அடுத்த நாலு நாளும் நான் திருத்திய திருத்தங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிளக் வயர்களின் இரைச்சல் சென்சரைக் குழப்புகிறது என்று ஒரு வீடியோ சொன்னது. வயர்களைத் தள்ளிக் கட்டினேன். எர்த் சரியில்லை என்று இன்னொன்று சொன்னது. பெயின்றைச் சுரண்டி எர்த் வயரை நேராகப் பற்றரிக்கே கொண்டுபோனேன். பெற்றோல் பம்பைக் கழற்றினேன், பூட்டினேன். நான் இணையத்தில் போட்ட கேள்விக்கு, பனி பெய்கிற ஏதோவொரு ஊரில் இருந்து ஒருத்தர், என் இடம் கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தார். என் ஜீப் கடல் மட்டத்துக்குக் கீழேயும் போகும் என்று பதில் போட்டேன். அதோடு ஆளைக் காணவில்லை. ஒழுங்கையில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருத்தர் கண்ணூறு என்றார். அன்றைய நிலையில் என் லிஸ்ற்றில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை பின்னேரம் சம்மாட்டி வந்தார். கிண்ணியாக்காரர், கரையில் நிற்கிற படகில் பாதி அவருடையது. கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கதைத்தார். என்னைக் கண்டதும் குரலைக் கொஞ்சம் தணித்தார். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

“சனி விடிய இழுக்கோணும் அண்ணன். அதுக்கு அங்கால கடல் விடாது. ஜீப் வருமெண்டா வருமெண்டு சொல்லுங்க, இல்லாட்டி நான் மூதூர் ட்ராக்டருக்குக் கதைக்கிறன்.”

“வரும் நானா,” என்றார் மாமா.

“போன வருசம் நீங்க இவ்வளவு மெதுவாச் சொல்லேல்ல.”

அவர் போன பிறகு மாமா கேற்றைச் சாத்தினார். மூதூர் ட்ராக்டர் ஒருமுறை கரைக்கு வந்தால் பிறகு ஒவ்வொரு வருடமும் அதுதான் வரும் என்பது எனக்கே தெரியும். குசினிக்குள் மாமி தேங்காய் திருவும் சத்தம் கொஞ்சம் கூடியது. இரவு வரை என்னோடு யாரும் கோபிக்கவில்லை. அது கோபித்ததை விட மோசம்.

வியாழன் காலை எஞ்சினை ஓடவிட்டு ஒரு மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பத்தாம் நம்பர் ஸ்பானர் நழுவி அடியில் விழுந்தது. எடுக்கத் தவழ்ந்து போனபோது, ஜீப்பின் நடுவயிற்றுக்குக் கீழே வெள்ளை மணலில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு கறுப்பு வட்டம். நடுவில் சின்னக் குழி. மேலே பார்த்தேன். நான் அடைப்பித்த அதே இடத்தில், அதே அளவில், அச்சொட்டாக வட்டமாக ஓர் ஓட்டை. சென்சருக்குச் சரியாக ஒரு சாண் முன்னால்.

அப்போதுதான் விளங்கியது. அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பின்னால் நிற்கிற சென்சர் அந்தக் காற்றை மணந்துவிட்டு, ஐயோ காற்றுக் கூட, பெற்றோல் காணாது என்கிறது. பாவம் கணினி, ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தானே படித்ததுதான். ஒரு கிழமையாகப் பொய்யைப் படித்திருக்கிறது.

வெளியே வந்து எஞ்சினை நிற்பாட்டினேன். மாமா வாளியோடு கிணற்றடியில் நின்றார்.

“மாமா, அடியில இருந்த ஓட்டையை நான் அடைச்சனான்.”

“ஓம். நான் திரும்பப் போட்டனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“நீ அடைக்கேக்க எனக்குச் சொன்னனியே?”

கையில் இருந்த ஸ்பானரைப் பொனற்றின் மேல் வைத்தேன்.

பிறகு அவர் விளக்கினார். கடலுக்குள் பின்னால் இறங்குகிற ஜீப்பின் புகைக்குழாய்க்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். அது தேங்கிக் கிடந்தால் குழாய் ஒரு மாரிக்குள் உக்கிவிடும். அதனால் படகு இழுக்கிற வண்டி எதுவாக இருந்தாலும் குழாயின் மிகப் பதிந்த இடத்தில் ஒரு துளை போடுவார்கள். நான் அடைத்ததைக் கண்டு, பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நான் தூங்கும் நேரம் பார்த்து ட்ரில் பண்ணியிருக்கிறார். நான் மத்தியானத்தில் தூங்குவது ஒழுங்கைக்கே தெரிந்திருந்தது.

துளையைச் சென்சருக்குப் பின்னால் தள்ளிப் போடுவோம் என்றேன். ஏலாது என்றார். தண்ணீர் அங்கே தேங்காது, இங்கேதான் தேங்கும், தண்ணீருக்கு உன்னுடைய கணினி தெரியாது என்றார். அரை மணித்தியாலம் வாதாடினேன். கடைசியில் துளை இருந்த இடத்திலேயே இருந்தது. சென்சர்தான் எஞ்சின் பக்கமாக, துளைக்கு முன்னால் நகர்ந்தது. வெல்டிங்காரர் என்னைக் கண்டதும், “திரும்பவும் வந்திட்டீங்களா தங்கச்சி,” என்று மட்டும் கேட்டார்.

கணினி படித்ததை எல்லாம் அழித்தேன். அது ஒரு பட்டன்தான். ஆனால் புதிதாகப் படிக்க ஒரே வேகத்தில் நேராக ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. கையேடு எழுதியவர் திருகோணமலைக்கு வந்ததில்லை. வெள்ளி முழுக்க மாமா ஓட்ட, நான் மடியில் திரையோடு உட்துறைமுக வீதியில் போய் வந்தோம். வேகம் ஒரு நிலைக்கு வரும், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று குறுக்கே வரும். மான் போனால் ஆட்டோ. ஆட்டோவுக்குள் இருந்தவருக்கு மாமாவைத் தெரிந்திருந்தால் நடுவீதியில் ஒரு கதை. எண்கள் மெல்ல மெல்ல அடங்கின. புகை நின்றது. மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. திரையை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை.

சனி விடிய மழை இருட்டு. முதல் படகுக்கு ஜீப் பின்னால் இறங்கியது. அலை சில்லின் அச்சு வரை வந்தது. சங்கிலியைக் கொழுவினார்கள். ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. நான் எண்ணினேன். இருபது, முப்பது, அப்போதும் நிற்கவில்லை. மாமா கியரைப் போட்டார், படகு தண்ணீரை உதறிக்கொண்டு மேட்டில் ஏறியது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான பொருள் மணலில் ஏறிப் போவதைப் பார்த்து, யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று சுற்றிப் பார்த்தேன்.

சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். காபரேட்டர், சரிவு, பெற்றோல், சென்சர். அவர் மரியாதையாகக் கேட்டார்.

“முந்தியும் இழுத்ததுதானே தங்கச்சி,” என்றார். பிறகு கடலைப் பார்த்துவிட்டு, “உந்தத் திரையை எங்கயாவது வச்சிட்டு இந்தக் கயித்தைப் பிடிங்க. இன்னும் பதினொண்டு கிடக்கு.”

மூதூர் ட்ராக்டருக்கு அவர் போன் பண்ணவே இல்லை. நான் திரையை ஜீப்புக்குள் எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.