செங்கல்லில் நான் வைத்த குங்குமம்

இதை எழுதப் பல வருடமாக எனக்குக் கை வரவில்லை. எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும். முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். வாய்க்கால் வெட்டும் ஆட்களுக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. மரங்கள் சாய்ந்ததும் மேட்டைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் தெரிந்தது. அதையொட்டி மண்கரை. நடுவில் இரண்டு முழ அகலத்துக்குச் செங்கல் அடித்தளம்.

புல்டோசர் ஓட்டும் பாக் மாட் இறங்கி வந்தார். மலாய்க்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஆறுமுகம், இது கோட்டை லா! சுத்தி அகழி, உள்ளுக்குப் பெரிய மனுசன் வீடு. வெள்ளைக்காரன் வர்றதுக்கு ரொம்ப முந்தி."

மியூசியத்துக்கு அவரே சொல்லி அனுப்பினார்.

மேனேஜர் தமிழர்தான். பள்ளத்தைக் காலடியால் அளந்துவிட்டு, "கோட்டைதான்யா, சந்தேகமே இல்ல. கல்லு ரோட்டுக்கு ஆகும்" என்றார். என் காதால் கேட்டேன்.

கல்லைக் காப்பாற்ற வழி தேடினேன். களை எடுக்கும் வீராயி அக்கா, "சாமின்னு சொல்லிப்புடு தம்பி. எவன் கை வைப்பான்?" என்றார். எங்கள் தோட்டத்தில் முனியாண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வாய்க்காலே போகும். அந்தத் தைரியத்தில் செங்கல்லுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூலம் நட்டேன்.

மியூசியம் அதிகாரி வந்தார். மேனேஜர் சிரித்தார். "கோட்டையாவது! நம்ம ஆளுங்க கட்டுன கோயில். மண்டோரையே கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, யார் கட்டியது என்று மலாயில் கேட்டார்.

"நாங்கதான் துவான். சாமி இடம்."

பழைய இடம் இல்லை என்று எழுதிக்கொண்டார். சாமி இடம் என்ற மரியாதைக்கு உள்ளே கால்கூட வைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் மேனேஜர், "சாமிக்குத்தானே எடம்? ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுத் தர்றேன், தூக்கிட்டுப் போ" என்றார். பாக் மாட் ஓட்ட மறுத்தார். "நீயே பொய் சொல்லிட்டியே லா" என்று சாவியை என் முன்னால் வைத்துவிட்டு நடந்தார். வேறு ஆள் வந்து அகழியை மூடினான். செங்கல்லெல்லாம் லாரிப் பாதையில் நொறுங்கியது.

கோட்டை என்று தெரிந்தே அழித்தாரே, அந்த மேனேஜரை நினைத்தால் கோயிலில் நிற்கும்போதும் எனக்குக் கொதிக்கிறது. அவருக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது என் பொய். சாமி பேரில் சொன்னாலும் பொய் பொய்தான் என்று அன்று படித்தேன்.

இப்போது அந்தக் கொட்டகைக்கு வருகிறவர்கள், அந்த மேட்டில் சோழர் காலத்துக் கோயில் இருந்ததாம் என்கிறார்கள். இல்லை ஐயா! அங்கே இருந்தது இந்த மண்ணின் மனிதன் ஒருவன் அகழி வெட்டிக் காத்த வீடு. குங்குமம் வைத்தது ஆறுமுகம். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீட்டைக் கோயில் ஆக்காதீர்கள். என் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.