ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருபது ரூபாய்

இன்று காலை மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அட்மிட் ஆக வேண்டும்.

பெரிய நோய் ஒன்றுமில்லை, முதுகுவலிதான். அட்மிட் ஆனால்தான் கம்பெனி இன்சூரன்ஸில் டெஸ்ட் செலவு கிடைக்கும் என்று ஆபீஸில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பக்கத்து சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா. என் ஃபிளாஸ்க்கையும் போர்வையையும் பார்த்தார்.

“என்னா தம்பி, ஆஸ்பத்திரிக்கா?”

“ஆமாக்கா. ஒரு நாள் படுக்கணும்.”

அவர் முகம் மாறிவிட்டது. “படுக்கவே சொல்லிட்டாங்களா?”

அவர் கணவர் போன வருடம் கால் புண் முற்றிப் படுத்தாராம். “பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டின சீட்டு, என் கம்மல், எல்லாம் அதுலயே போயிடுச்சு. ஆனா ஆளு பொழைச்சிக்கினாரு. நீ பயப்படாத.”

அவர் வீட்டில் உயிர் போகிற நிலைமை வந்தால்தான் ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “சரிக்கா” என்றுதான் சொன்னேன்.

கோட்டக்குப்பத்தில் இறங்கும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருபது ரூபாய் நோட்டை என் கையில் திணித்தார். நோயாளியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாதாம்.

“பழம் வாங்கிச் சாப்புடு தம்பி.”

ஆஸ்பத்திரிக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். ரோட்டைத் தாண்டக் கால் வரவில்லை.

என் பில்லையெல்லாம் இன்சூரன்ஸ் கட்டிவிடும். இந்த இருபது ரூபாயை எந்தப் பாலிசியில் திருப்பிக் கட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.