ஜபருல்லா பாயின் கணக்கு தப்பவில்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திட்டக்குடியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் பெரம்பலூரில் எங்கள் மைக் செட் கடைக்கு எதிரே விசிலடித்து வண்டியை நிறுத்தினார். படியில் நின்றபடியே சொன்னார்: "ஒங்க பழைய பார்ட்னர் ஜபருல்லா பாய் மவுத்தாயிட்டாருங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்." நான் சட்டையை மாட்டிக்கொண்டு லெப்பைக்குடிக்காட்டுக்குப் புறப்பட்டேன். பாதி வழியில்தான் சால்டரிங் இரும்பை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. சூடாகிற எதையும் தனியாக விடக்கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னவரின் சாவுக்குத்தான் அப்படிப் போய்க்கொண்டிருந்தேன்.

கபர்ஸ்தானில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அரியலூர் மைக் செட்காரர் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுசன். அந்த செட்டு மட்டும் தீப்பத்திக்காம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பாரு." நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவரை 'நெருப்பு பாய்' என்று கூப்பிட்ட தொழில்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நானும் அவரும் சேர்ந்து கடை போட்டபோது எல்லோரையும் போலத்தான் ஆம்ப்ளிஃபயர் கட்டினோம். சத்தம் வந்தால் போதும் என்பது என் கொள்கை. ஒரு தடவை அவருடைய ஊரில் வயதான ஹஜ்ரத் ஒருவர் துவா ஓதினார். பூஞ்சையான குரல். அது எங்கள் குழாய் ஸ்பீக்கரில் மணலை மென்றதுபோல வந்தது. திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் ஒரு வார்த்தையும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பாய் சாப்பிடவில்லை. "கத்துறவனுக்கு மட்டுந்தான் செட்டா மாப்ளே? மெதுவாப் பேசுறவன் என்ன பாவம் பண்ணான்?" என்று கேட்டார். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், ஆனால் நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவர் என்னை மாப்ளே என்பார்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒலியின் மேல்பாதியை ஒன்று தூக்கும், கீழ்பாதியை மற்றொன்று. ஒன்று விட்டு இன்னொன்று பிடிக்கிற இடத்தில் இரண்டுமே கண்ணயர்ந்துவிட்டால் அங்கே ஒரு வெட்டு விழும். உரக்கப் பேசினால் அது தெரியாது. மெதுவாகப் பேசினால் குரலையே அறுக்கும். அதனால் அவர் இரண்டிலும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும்படி வைத்தார். என்னை மைக்கில் ஒன்று முதல் பத்து வரை கிசுகிசுக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே சின்னத் திருகைத் திருப்புவார். சரியான இடம் வந்ததும் திருகு நகராதபடி அதன் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பார்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஓடுகிற கரண்டால் டிரான்சிஸ்டர் சூடாகும். சூடானால் இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும். இழுத்தால் இன்னும் சூடாகும். இதைக் கவனித்து கரண்டைக் குறைக்க, டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டில் ஒரு சிறு டயோடைப் பொருத்தியிருந்தார். தகட்டின் சூடு டயோடுக்குத் தெரிய, நடுவே ஒரு வெள்ளைப் பசை. அத்தோடு விடாமல், கால் மணிக்கு ஒரு தடவை தகட்டில் கையை வைத்துப் பத்து வரை எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் சரி. "கரகரன்னு கேட்டா பயமே இல்ல மாப்ளே. சுத்தமாக் கேக்குது பாரு, அப்பத்தான் பயப்படணும்" என்பார். நான் சிரிப்பேன்.

ஆயுத பூஜைக்குப் பாய் இரண்டு நாள் ஊருக்குப் போய்விடுவார். "ஒன் பூசையை நீ போடு, பொட்டி மூடியை மட்டும் தொறக்காதே" என்பார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை நான் திறந்தேன். பெட்டிக்குள்ளும் சுத்தமாக இருக்கட்டுமே என்ற பக்திதான். தகட்டில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. போன வருடத்து விபூதி காய்ந்து கிடக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பசையைத் தினமும் பார்க்கிறவன், பூஜை அவசரத்தில் அப்படித்தான் நினைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்தேன். டயோடு ஆடியது. இடம் வெறுமையாக இருக்கக்கூடாதே என்று அங்கே சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்து மூடினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

அடுத்த மாதம் குரும்பலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கல்யாணம். கீற்றுப் பந்தல். காலையில் செட்டைப் போட்டோம். அவ்வளவு சுத்தமான ஒலியை அதுவரை நான் கேட்டதில்லை. ஐயர் முணுமுணுப்பதுகூடத் தெருக்கோடி வரை தெளிவாகப் போயிற்று. பாய் மட்டும் முகம் தெளியாமல் இருந்தார். தகட்டில் கை வைத்து ஆறு எண்ணும்போதே எடுத்துவிட்டார். "இன்னைக்கு சீக்கிரமே ஏறுது மாப்ளே. கொழா ஒண்ணு திரும்பிக் கெடக்கு, கட்டிட்டு வந்து அணைச்சுப் பாக்குறேன். நீ இங்கயே இரு" என்று போனார். நான் கை வைத்தேன். மூன்றுக்கு மேல் முடியவில்லை. முகூர்த்த நேரத்தில் எப்படி நிறுத்துவது என்று இருந்துவிட்டேன். பிறகு சந்தன வாசம் வந்தது. கல்யாண வீட்டில் சந்தன வாசம் வந்தால் யாருக்கு என்ன தோன்றும்? எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

புகை வந்தபோது பெஞ்சில் விரித்திருந்த துணி பற்றிவிட்டது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே நின்றேன். தலைக்கு மேலே காய்ந்த கீற்று, கீழே இருநூறு பேர். பாய் எங்கிருந்து ஓடிவந்தார் என்று தெரியாது. எரிகிற பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, பந்தலைத் தாண்டி வாய்க்கால் மேட்டில் போய்ப் போட்டார். பந்தலின் ஒரு மூலை கருகியதோடு போயிற்று. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. பாயின் உள்ளங்கைத் தோல் அந்தத் தகட்டோடு போய்விட்டது.

"என்னய்யா பண்ணீங்க?" என்று பெண்ணின் அப்பா கத்தினார். "என் கணக்கு தப்புங்க. கரண்டக் கூட வெச்சுட்டேன்" என்றார் பாய். ஒரு வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். கருகிய சந்தனம் பொருக்குத் தட்டி வெடித்து, டயோடு தகட்டைத் தொடாமல் நின்றது. ஓரத்தில் குங்குமத்தின் சிவப்புகூட மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்தார். "மூடு" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பூசையால பத்திக்கிச்சுன்னு ஒரு பாய் வாயிலேர்ந்து வந்தா அது வேற மாதிரி பத்தும் மாப்ளே. நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்ல முடியாது என்பது சரி. நான் சொல்லியிருக்கலாமே? பூஜை வேண்டாம், சந்தனம் வேண்டாம், "நான்தான் புத்தி கெட்டுத் துடைத்தேன்" என்று ஒரு வரி போதும். ஊர் திட்டியிருக்கும், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கட்டிய செட்டை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தன் அண்ணன் இரண்டு தடவை அனுப்பிய விசாவை வேண்டாம் என்று திருப்பியவர், மூன்றாவது விசாவில் சவூதிக்குப் போனார்.

உடம்பு முடியாமல் அவர் திரும்பி வந்தபோது போய்ப் பார்த்தேன். டீ வந்தது. கொதிக்கிற கண்ணாடி டம்ளரை நான் துண்டால் பிடித்தேன். அவர் வெறுங்கையால் பிடித்திருந்தார். உள்ளங்கை வழவழவென்று ரேகையே இல்லாமல் இருந்தது. சூடு தெரியாமல் வாயில் வைத்து உதட்டைச் சுட்டுக்கொண்டார். "பாய், அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "டீ ஆறிடும், குடி" என்றார். குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எவ்வளவு கேவலமான டீ அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த எட்டு வருடமாக என் கடை செட்டில் கிசுகிசுப்புகூடத் தெளிவாகக் கேட்கிறது என்று நீங்கள் அரியலூரிலிருந்து வந்து வாங்கிப் போகிறீர்களே, அது முழுக்க அவருடைய சர்க்யூட். ஒரு பாகத்தின் மதிப்பைக்கூட நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை இருந்ததே இல்லை. வெள்ளைப் பசையை யாரும் துடைக்கவில்லை, அந்தச் செட்டுகளில் ஒன்றுகூடப் பற்றவில்லை.

பாயின் சர்க்யூட் தாளை அவர் மகளிடம் கொடுத்துவிட்டேன். பெட்டிகளில் இனி என் பெயர் வராது. அவருடையது என்று எனக்காக நான் வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். எட்டு வருடம் அவர் தூக்கிச் சுமந்தார். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வந்தால், கடை பழைய இடத்தில்தான் இருக்கிறது, நானும் அங்கேதான் இருப்பேன்.