மேட்டுக்கு வேண்டிய பெட்ரோல்

என் மனைவி என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் பெட்ரோல் வந்துவிடும். "இவரு சாமி கும்பிட மறந்தாலும் டேங்கை ஆட்டிப் பாக்க மறக்க மாட்டாருங்க" என்பாள். உண்மைதான். என் பைக் பழையது, பெட்ரோல் அளவு காட்டும் முள் அதில் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இடமும் வலமும் ஆட்டி, உள்ளே தளும்பும் சத்தத்தைக் கேட்பேன். பிறகு மூடியைத் திறந்து ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பேன். அதிலும் மனசு ஆறாமல் ஒரு சுத்தமான குச்சியை விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பேன். இத்தனைக்கும் முந்தின நாள்தான் நிரப்பியிருப்பேன்.

ஏற்காட்டில் ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். சேலத்திலிருந்து மேலே வந்தவன். வாரநாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். அப்போது கொட்டச்சேடு, வாழவந்தி, அதற்கும் அப்பால் எஸ்டேட்டுகளுக்குள் புகுந்து போகும் மண்பாதைகள் என்று மலையின் பின்பக்கம் முழுக்கப் பைக்கில் சுற்றுவேன். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற சுற்று. ஏற்காடு டவுனைத் தாண்டினால் எனக்குத் தெரிந்து பங்க் கிடையாது. அனுபவித்துப் போகவேண்டிய பாதையில் நான் பயந்துகொண்டே போவேன். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களையும் பள்ளத்தில் மிதக்கும் மேகத்தையும் பார்த்தபடியே, இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறுகிறதோ என்று காது தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். என்ன பிறவியோ!

பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலையில் கிலோமீட்டரை நம்ப முடியாது. பாதி டேங்கில் போய் மீதிப் பாதியில் திரும்பிவிடலாம் என்று சமவெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். போகும்போது இறக்கம், வண்டி தன்பாட்டுக்கு உருளும், பெட்ரோல் குறைந்ததாகவே தெரியாது. இன்னும் கொஞ்சம் போவோமே என்று ஆசை வரும். திரும்பும்போது அதே தூரத்தை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறியாக வேண்டும். குடித்துத் தள்ளிவிடும். எவ்வளவு இறங்கினேனோ அதை ஏறுவதற்கு வேண்டியது போக, டேங்கின் அடியில் அவசரத்துக்கென்று நிற்கும் ரிசர்வைத் தொடாமல் வீடு வந்து சேர வேண்டும் என்பது என் சட்டம். அதுவும் போதாதென்று பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு சின்ன தகர கேனில் பெட்ரோல் வைத்திருப்பேன்.

இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வதில் என் மனைவிக்கு அடுத்தபடி ஒரு வேன்காரர் இருந்தார். என் சுற்றின் கடைசி நிறுத்தம் ஒரு பள்ளத்துக் கிராமம். தார்ச்சாலை அங்கேயே முடிந்துவிடும். வெளியே வர ஒரே வழி, இறங்கிய அதே மேடு. அங்கே டீக்கடை வாசலில் அவருடைய பழைய பெட்ரோல் வேன் நிற்கும். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுவதும் டவுனுக்குக் காய் கொண்டுபோவதும் அவர் வேலை. என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க சார், இன்னைக்கு கேனு மட்டும்தானுங்களா, இல்லை பங்கையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

அவர் எனக்கு நேர் எதிர். டவுனிலிருந்து வரும்போது கடைசி முகட்டைத் தாண்டினால் ஊர் வரைக்கும் இறக்கம் என்பதால் அந்த முகட்டிலேயே இஞ்சினை அணைத்துவிடுவார். நியூட்ரலில் உருட்டிக்கொண்டே, சத்தமில்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி வீட்டு வாசலில் வந்து நிற்பார். அந்தப் பக்கத்தில் வேன் வைத்திருப்பவர்கள், பைக் வைத்திருப்பவர்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. பார்க்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். "எறக்கத்துக்கு எதுக்குங்க பெட்ரோலு?" என்பார். சரி, இறக்கத்துக்கு வேண்டாம். ஆனால் அப்படி மிச்சம் பிடிக்கிற தைரியத்தில் எப்போதும் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார். ஊர் வந்து சேரும்போது மறுநாள் மேடு ஏறுகிற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும். சில நாள் அதுகூட இருக்காது. பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்பதை வாங்கி ஊற்றி ஏறுவார். அவசரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க கேனோட வருவீங்கள்ல சார்" என்று சிரித்தார்.

அன்றைக்கு அப்படித்தான் ஆனது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வழக்கத்தைவிட நீளமான சுற்று. டேங்கில் இருந்ததை மனதுக்குள் கணக்குப் போட்டுப் போட்டுச் சலித்தபடி அந்த ஊருக்குள் இறங்கினேன். டீக்கடை வாசலில் ஆண்கள் யாரும் இல்லை. வேனைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். உள்ளே பின்சீட்டில் வேன்காரரின் மனைவி சாய்ந்து கிடந்தார். காப்பித் தோட்டத்தில் களை எடுக்கும்போது விரியன் கடித்துவிட்டது. பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. அவர் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்திருந்தாள். வேன்காரர் பெட்டிக்கடையிலிருந்து வெறும் கையோடு ஓடிவந்தார். கடையில் பாட்டில் தீர்ந்துவிட்டது. ஊரில் இருந்த பைக்குகள் எல்லாம் வேலைக்குப் போன ஆண்களோடு போயிருந்தன. ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கிவிட்டது என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே கேனை எடுத்து வேனில் ஊற்றினேன். ஊற்றும்போதே தெரிந்தது, இது போதாது. வேன் பழையது, மேடு செங்குத்து, உள்ளே ஆட்கள். "என் டேங்க்ல இருந்தும் எடுத்துக்கலாமுங்க, குழாயைக் கழட்டறேன்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க சார். முகடு வரைக்கும் போனாப் போதும், அங்கிருந்து உருட்டிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார்.

முகட்டிலிருந்து டவுன் வரை உருட்ட முடியாது. முதல் இறக்கம் முடிந்ததும் ஒரு பள்ளம், பிறகு இன்னொரு மேடு. அவருக்குத் தெரியாததா? மனைவி அந்த நிலையில் கிடக்கும்போது எந்த மேடு நினைவில் இருக்கும்! நான் பைக்கைத் திருப்பி அவர் பின்னாலேயே கிளம்பினேன்.

அதைப்போல் ஒரு பயணத்தை நான் போனதில்லை. என் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்ற பயம் அன்றைக்கு ஒரு வினாடிகூட வரவில்லை. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் வேன் நின்றுகொண்டிருக்குமோ என்ற பயம்தான். வளைவு திரும்புவேன், வெறும் சாலை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று ஓரமாக நின்றிருந்தது. அந்தக் கறுத்த உருவத்தைப் பார்த்ததும் வேன் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. முகட்டைத் தாண்டினேன், வேன் இல்லை. பள்ளத்தைத் தாண்டினேன், இல்லை. தப்பித்தார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது மேட்டின் பாதியில் வேன் நின்றுகொண்டிருந்தது.

வேன்காரர் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தார். தங்கை அக்காவின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வாந்தி எடுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அந்தப் பாதையில் சாயங்கால பஸ்ஸை விட்டால் வேறு வண்டி அபூர்வம்.

"டேங்க்ல இருக்கறதைக் கழட்டி ஊத்துங்க சார்" என்று என் பைக்கை நோக்கி ஓடிவந்தார்.

நான் குழாயில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. என் டேங்கில் இருப்பதை வேனில் ஊற்றினால் இந்த மேட்டைத் தாண்டலாம், டவுனைத் தொட முடியாது. அதே பெட்ரோல் பைக்கிலேயே இருந்தால் மூன்று பேரை ஏற்றிக்கொண்டும் போய்ச் சேரும். இத்தனை வருடம் பயந்து பயந்து போட்ட கணக்கு எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குத்தானோ என்னவோ.

"வேண்டாமுங்க. பைக்லயே போயிருங்க. நடுவுல அவங்களை உக்கார வைங்க, தங்கச்சி பின்னால புடிச்சுக்கட்டும்."

"நீங்க ஓட்டறீங்களா சார்?"

என்னால் முடியாது என்றேன். அந்த வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவர் அவர். நான் ஓட்டினால் பயத்திலேயே எங்காவது சாய்த்துவிடுவேன். தங்கை தன் துப்பட்டாவைக் கழற்றி அக்காவை வேன்காரர் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் என் கை பழக்கத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பார்த்தது. "அண்ணா, இப்பப் போயி ஆட்டிட்டு நிக்கறீங்களே!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

"ரிசர்வ்ல போட்டுட்டேன்" என்றேன் வேன்காரரிடம். "ஒண்ணே ஒண்ணு. எறக்கம் வந்தா இஞ்சினை மட்டும் அணைச்சிராதீங்க. சூடா இருக்கறப்ப இது சட்டுன்னு ஸ்டார்ட் ஆகாது. நடுவுல நின்னா உதைச்சுக்கிட்டே கெடக்கணும். தயவுபண்ணி அணைக்காதீங்க."

"அணைக்க மாட்டேனுங்க" என்றார். மூன்று பேரோடு வண்டி திணறி ஏறியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து வளைவுக்கு அப்பால் போய், பிறகு கேட்காமல் ஆகிவிட்டது.

நான் வேனின் படியில் உட்கார்ந்தேன். பெட்ரோல் இல்லாத வண்டியோடு நடு மலையில் நிற்பதுதான் என் வாழ்நாள் பயம். அது நடந்தேவிட்டது. ஆனால் அன்றைக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. வேனின் தரையில் அந்த அம்மாளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ரிசர்வ் போதுமா? மூன்று பேர் பாரத்துக்கு நான் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேனா? கடைசியாக ஆட்டியபோது கேட்ட தளும்பல் கனமாக இருந்ததா, லேசாக இருந்ததா? அந்தப் பெண் கத்தியதில் சரியாகக் கேட்கவில்லை. கேனை வேனில் ஊற்றாமல், கிளம்பும்போதே பைக்கில் ஏற்றச் சொல்லியிருக்கக் கூடாதா? போன வழியை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். இப்போது கோயில் வளைவு, இப்போது மர டிப்போ, இப்போது பள்ளிக்கூடம். ஒவ்வொரு இடத்திலும் பைக் நின்றுபோவதாகவே தெரிந்தது.

சாயங்கால பஸ் வந்தது. டவுனிலிருந்து வருகிற பஸ். கையைக் காட்டி நிறுத்தி, வழியில் ஒரு பைக் நின்றதா என்று டிரைவரிடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னார். வேனை விட்டுவிட்டு எங்கே போவது? போகவில்லை. பஸ் போன பிறகு குளிர் இறங்கியது. மஞ்சள் வெயில் மரங்களின் உச்சியில் மட்டும் இருந்தது.

என் பைக்கின் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு வளைவு தள்ளி வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வேகமாக வருகிற சத்தமா, மெதுவாக வருகிற சத்தமா, அதை வைத்தே செய்தியைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தவளை கத்தியது. எங்கோ எஸ்டேட் நாய் குரைத்தது. இஞ்சின் சத்தம் மட்டும் இல்லை.

திடீரென்று மேலே வளைவில் பிரேக் கிறீச்சிட்டது. அடுத்து டயர் சரளையில் நெரியும் ஓசை. என் பைக். வேன்காரர் மட்டும் அதன்மேல் இருந்தார். இஞ்சின் ஓடவில்லை. பாதியிலேயே தீர்ந்துபோய் உருட்டிக்கொண்டு வருகிறாரா? அப்படியானால் அந்த அம்மாள் எங்கே?

வண்டி சத்தமில்லாமல் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. பின்சீட்டில் என் தகர கேன் கட்டியிருந்தது.

"பெட்ரோல் தீந்துருச்சுங்களா?" என்றேன்.

"எங்கீங்க சார் தீரறது? பங்க்ல நெறைய ஊத்திட்டுத்தான் வர்றேன், கேனும் நெறைஞ்சுதான் இருக்குது. போறப்ப நீங்க சொன்னாப்பல எங்கியும் அணைக்கலீங்க. இப்ப எறக்கம்தானுங்களே, எதுக்கு வீணா ஓடணும்னு மேலயே அணைச்சுட்டேன்."

அவர் கேனின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நான் அவர் மனைவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டியிருக்கவில்லை. கெட்டது நடந்திருந்தால் அந்த மனிதருக்கு இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தோன்றியிருக்குமா? அப்படியே சாலையில் உட்கார்ந்து அழுதேன்.

"ஏனுங்க சார்? டவுன் ஆஸ்பத்திரியில ஊசி போட்டாச்சுங்க, நல்லாத்தான் இருக்கறா. தங்கச்சி கூட இருக்குது" என்றார் அவர், ஒன்றும் புரியாமல். "கண்ணு முழிச்சதும் புள்ளைங்க ஊட்ல சோறு தின்னாங்களான்னு கேக்கறா. செருப்பு ஒண்ணு வண்டியில வுட்டுட்டாளாமுங்க, எடுத்தாறச் சொன்னா."