கடல் கடந்து வந்த தீர்ப்பு

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி காலேப் விட்காமுக்கு இங்கிலாந்து என்றாலே வேப்பங்காய். ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று ஊர் கூடி நிற்க, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் அடுக்கும் அந்நாட்டு மன்னனின் குற்றங்களை உரக்கப் படிப்பவர் அவர்தான்.

ஒருமுறை பக்கத்து ஆலைக்காரர் தண்ணீர் தேக்கிவைத்த குளம் உடைந்து அவருடைய உருளைக்கிழங்கு வயலை அடித்துப்போனது. நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில் அவருடைய வக்கீலே இங்கிலாந்துத் தீர்ப்புப் புத்தகத்தைப் பிரித்தார்.

"அவங்க புத்தகம் நமக்கு எதுக்குய்யா? இதுக்கா எங்க தாத்தா துப்பாக்கி தூக்கினாரு?"

"ராஜாவைத்தான் தொரத்தினோம், நியாயத்தை இல்ல. பேசாம கேளுங்க."

புத்தகத்தில் இருந்த இங்கிலாந்து வழக்கிலும் ஒரு விவசாயி, அங்கேயும் உடைந்த குளம். அவனுக்குக் கிடைத்த தீர்ப்பையே காட்டி, நீதிபதி காலேபுக்கும் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். முகம் தெரியாத ஒருவன் வாதாடி வாங்கிய நியாயம் கடல் கடந்து தன் வயலுக்கு வந்ததை எண்ணியபடியே அவர் வீடு திரும்பினார்.

அடுத்த சுதந்திர தினத்திலும் மன்னனின் குற்றங்களை ஒன்றுவிடாமல் படித்தார். முடித்ததும் தொப்பியைக் கழற்றி, கடலுக்கு அப்பால் இங்கிலாந்து இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நின்றார்.

"என்ன காலேப், ராஜாவுக்கு மரியாதையா?" என்று கூட்டத்தில் ஒருவர் சீண்டினார்.

"எனக்கு முன்னாடி வயலைப் பறிகொடுத்தவனுக்கு."