கப்பலில் போகிறவர்கள் மட்டும்

அப்பாவைக் கர்த்தர் ஆப்பிரிக்காவுக்கு அழைத்தார். அத்தையை எங்கும் அழைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தெல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

அறுபதுகளின் கடைசி. அப்பா காஞ்சிபுரத்து மிஷன் சபையில் உபதேசியார். பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத வீட்டில். இருபது வயதில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு தறிக்குழியை விட்டு ஏறி வந்தவர். அன்றோடு அவருடைய அண்ணன், என் பெரியப்பா, பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கும் மூத்தவள் அத்தை. கல்யாணமான மறு வருஷமே தாலியறுத்தவள், தாயில்லாத கடைசித் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்தத் தம்பி கிறிஸ்து வேதத்துக்குப் போனபோது அவளும் பின்னாலேயே போய்த் தலையைக் குனிந்து தண்ணீரை வாங்கிக்கொண்டாள். அவள் விசுவாசம் அவ்வளவுதான். அவ்வளவு பெரியதும்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கடற்கரை ஊர். கப்பலில் அப்பா, அம்மா, நான், தங்கை என்று நாலு பேருக்குத்தான் இடம். நாங்கள் இருந்ததோ மிஷன் வீடு. நாங்கள் காலி செய்ததும் அடுத்த உபதேசியார் குடிவருவார். அப்படியானால் அத்தை எங்கே போவாள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டியிராதபடி எங்கள் சபையில் ஒரு வசதி இருந்தது. அதன் பெயர் ஜெபக் குறிப்பு.

ஒரு தாளில் எண் போட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். கப்பல் கவிழக் கூடாது. சிங்கம் அண்டக் கூடாது. மலேரியா தொடக் கூடாது. அந்த ஊர்ப் பாஷை அப்பாவின் நாக்கில் சீக்கிரம் ஏற வேண்டும். இப்படிப் போய், ஒன்பதாவதாக, 'உபதேசியாரின் விதவைச் சகோதரிக்குக் கர்த்தர் ஒரு வாசலைத் திறக்கும்படியாக.' தாளில் ஏறிவிட்டால் காரியம் முடிந்த மாதிரி. வீட்டுக்கு வீடு முழங்கால் போட்டு, கண்ணீர் விட்டு, ஒன்பதாவதை ஒரு நாளும் விடாமல் ஜெபித்தார்கள். தங்கள் வீட்டு வாசலின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா ஒருநாள் பெட்டியை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாங்க, உங்க அக்காவுக்கு ஒரு வழி சொல்லிட்டு அப்புறம் பொட்டிய கட்டுங்க."

"அதான் ஜெபக் குறிப்புல போட்டாச்சே."

"சிங்கத்தையுந்தான் போட்டுகிறீங்க."

அப்பா வேதப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். பதில் இல்லாத இடங்களில் எல்லாம் அவர் அதைத்தான் திறப்பார்.

இதற்கிடையே மாதர் சங்கம் எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தது. சித்திரை மாசம், தெருவில் தார் உருகுகிறது, கழுத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்து உல்லன் நூலை இழுத்தார்கள். அது வெயில் நாடாமே என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சங்கத் தலைவி சிரித்துவிட்டாள். "ஃபாரின்ல எங்கம்மா வெயிலு? வெள்ளக்காரன் அங்கேந்து வந்தவன்தான, எத்தினி கோட்டு மாட்டிக்கினு வந்தான்!" ஒன்பது ஸ்வெட்டர்கள். அவற்றுக்கு இடம் செய்ய அம்மா புளியை வெளியே எடுத்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு. ஆராதனை முடிந்து மாலை போட்டார்கள், புகழ்ந்தார்கள். பிறகு கோயில் வாசலில் போட்டோ. அத்தை வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். ஐயர் கையை ஆட்டினார். எங்கள் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

"அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. இது மிஷன் பத்திரிகைக்கு. கப்பல்ல போறவங்க மட்டும்."

இரண்டு அடி தள்ளினாள்.

"இன்னும் தள்ளுமா, படத்துல கை விழுது," என்றார் போட்டோக்காரர்.

இன்னும் தள்ளினாள். பிறகு நின்றுவிட்டாள்.

"இன்னும் எவ்ளோ தூரம் தள்ளணும் ஐயரே? நாளைக்குக் காலைல இவங்க ரயிலேறிடுவாங்க. சாவிய நீங்க வாங்கிப்பீங்க. அப்புறம் நான் எங்க படுக்கறது? அத மட்டும் யாராச்சும் சொல்லிடுங்க, எவ்ளோ வேணா தள்ளிக்கிறேன்."

அப்பா காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தொண்டையைச் செருமினார். "ஜெபிப்போம்," என்றார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. அப்படி ஒரு வேகத்தை நான் அந்தச் சபையில் அதற்கு முன் கண்டதில்லை.

கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு ஒருவர் நின்றிருந்தார். பெரியப்பா. தம்பி ஊரை விட்டுப் போவதைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வந்திருப்பார் போல. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, மூடிய கண்களுக்கு நடுவே நடந்து வந்தார்.

"யக்கா, உன் பொட்டி எங்க இருக்குது?"

"எதுக்குடா?"

"கோர்வைச் சேலை ஒண்ணு தறியில அப்படியே நிக்குது. கரைக்கு நாடா போடப் பக்கத்துல ஆளு இல்ல. உனக்குக் கை மறந்துடலயே?"

கோர்வைச் சேலையில் கரை தனி நிறம்; அந்த நூல் ஓடும் நாடாவைத் தள்ளிவிட நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பெரியப்பாவுக்கு வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். இருவரும் நாள் முழுக்க அவர் தறிப் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆள் இல்லை என்பது பச்சைப் பொய். அன்று அந்த வளாகத்தில் பேசப்பட்டவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"நான் உங்க சாமிய கும்பிட மாட்டேன்டா. உன் பொண்டாட்டி இன்னா சொல்வாளோ."

"அவதான் அனுப்பிச்சா. உன்ன யாரு கும்பிடச் சொன்னது? நாடாவப் போடு, போதும்."

அப்பா கண்ணைத் திறந்து, "அண்ணே," என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"கண்ண மூடுபா. ஜெபம் நடக்குது," என்றார் பெரியப்பா.

பக்கத்திலேயே இருந்த மிஷன் வீட்டிலிருந்து தகரப் பெட்டி வந்து சைக்கிள் கேரியரில் ஏறியது. அத்தை அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஐயர் ஆமென் சொன்னபோது அவர்கள் தெருமுனை திரும்பியிருந்தார்கள். போட்டோ நன்றாக விழுந்தது.

ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து அப்பா மிஷன் பத்திரிகைக்கு முதல் அறிக்கை எழுதினார். என் கையெழுத்து அழகு என்பதால் சுத்தப் பிரதி எடுப்பது என் வேலை. எனக்குப் பதின்மூன்று வயது. நடுவில் ஒரு வரி வந்தது: 'என் மூத்த சகோதரி, புறஜாதியார் வீடொன்றில் சாட்சியாக வாழும்படி, தானாகவே முன்வந்து தாய்நாட்டில் தங்கியிருக்கிறாள்.' புறஜாதியார் என்றால் வேதத்துக்கு வராதவர்கள், அதாவது பெரியப்பா.

'தானாகவே' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் அப்பா.

"மை தீர்ந்துடுச்சு," என்றேன்.

அவர் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு பிழை இல்லாமல் எழுதி முடித்தேன்.